சிஸ்டர் ஹில்ட்ரூடை நான் சிங்கில் ஊற்றிய வாரம்

என் தம்பி நார்பர்ட்டின் ஃப்ரிட்ஜில் ஒரு கன்னியாஸ்திரி பதினாறு வருடம் குடியிருந்தார். கீழ்த்தட்டில், கடுகு பாட்டிலுக்குப் பின்னால். அவரை சிங்கில் ஊற்றி, மேலே கொதிநீர் விட்டு, ப்ளீச் போட்டுத் தேய்த்தவள் நான்தான். தேய்க்கும்போது பாட்டு வேறு பாடிக்கொண்டிருந்தேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேறு யாராவது சொல்லி நீங்கள் கேட்டால் கூடக்குறைய இருக்கும்.

அது ஈஸ்ட். நார்ப் வீட்டில் காய்ச்சும் பீரைப் புளிக்கவைக்கும் ஈஸ்ட். பீர் பொங்கி அடங்கியதும் குடுவையின் அடியில் சேறு மாதிரி படியும். அதில் ஒரு கை எடுத்து ஜாடியில் வைத்து, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை முளைகட்டிய பார்லியின் மால்ட் கஷாயம் கொஞ்சம் ஊட்டி, அடுத்த வருடத்துப் பீருக்கு அதையே விடுவான். உறைமோர் வைப்பதுபோலத்தான். கடையில் வாங்கிய பாக்கெட்டில் தொடங்கியதுதான் என்றாலும், அவன் கராஜில் என்ன காற்றுப் பட்டதோ, நாலைந்து வருடத்தில் அது வேறு ஆளாகிவிட்டது. மெதுவாக எழும்பும். எழும்பிவிட்டால் ஞாயிற்றுக்கிழமை வரை அடங்காது. பக்கத்தில் போனால் ஒரு நெடி. "இது நாலாங்கிளாஸ் சிஸ்டர் ஹில்ட்ரூடேதான் அக்கா" என்றான். பெயர் நிலைத்துவிட்டது. சிஸ்டர் அவனை ஒரு வருடம் முழுக்க முட்டிபோட வைத்தவர். நான் அந்தப் பெயருக்கு எதிர்ப்புத் தெரிவித்தேன். பூசைக்குப் போகிற வீட்டில் இப்படியெல்லாம் பெயர் வைக்கலாமா என்றேன். "அவங்களும் ஒரு நாள்கூட லீவு போட்டதில்ல, இதுவும் போட்டதில்ல. மரியாதையாத்தான் வெச்சிருக்கேன்" என்றான்.

நார்ப்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கள் ஏரிக்கரை ஊரான கெவானியில் அவனைத் தெரியாதவர்கள் கிடையாது, அதற்குக் காரணம் தபால்பெட்டிகள். குளிர்காலத்தில் சாலைத்துறையின் பனி வாரும் லாரியை ஓட்டுகிறான், முப்பத்தோரு வருடமாக. ஏரிக்காற்றில் எதிரே எதுவும் தெரியாத நாளிலும் அவன் வாரிய சாலை கோடு கிழித்த மாதிரி இருக்கும். அந்தக் கோட்டில், சாலையோரம் கம்பத்தில் நட்ட யார் வீட்டுத் தபால்பெட்டியாவது நின்றால் அதுவும் போய்விடும். எங்கள் வீட்டுப் பெட்டியை மட்டும் மூன்று முறை சாய்த்திருக்கிறான். நான் தேதி குறித்து வைத்திருக்கிறேன்.

அவனுடைய மனைவி லோர்னா இருபது வருடத்துக்கு முன் ஒரு ஏப்ரலில் புறப்பட்டுப் போனாள். நாயையும் கூட்டிக்கொண்டு போனாள். அதற்குப் பிறகு அவன் வேலை முடிந்தால் நேரே பாருக்குப் போனான். அந்த வருடம் அவன் பிறந்தநாளுக்கு நான் ஒரு பெட்டி வாங்கிக் கொடுத்தேன். வீட்டிலேயே பீர் செய்யும் பெட்டி: ஒரு வாளி, ஒரு குழாய், ஒரு டின் மால்ட், ஒரு செய்முறைத் தாள். குடிப்பதென்றால் வீட்டிலிருந்தே குடி, எனக்கும் உன் மச்சானுக்கும் உன்னைத் தேட அலைய வேண்டாம் என்ற எண்ணம். ஆகவே நார்பர்ட்டின் பீருக்கு வேர் எங்கே என்று யாராவது கேட்டால், கேட்கவும் வேண்டும், என்னைக் கைகாட்டலாம்.

முதல் பீர் பாத்திரம் கழுவிய தண்ணீர் போல் இருந்தது. நான்தான் குறை கண்டுபிடித்தேன். அவன் வாளியைச் சரியாகக் கழுவவில்லை. நான் இருபத்தொன்பது வருடம் பாலாடைக்கட்டி ஆலையில் தரம் பார்க்கும் மேசையில் நின்றவள். பள்ளிக்கூடத்தோடு என் படிப்பு முடிந்துவிட்டது, ஆனால் கழுவுவதைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்க முடியாது. தேய்க்க ஒரு கழுவல், அலச ஒரு கழுவல், கிருமி சாக ஒரு கழுவல். அவனுக்கு அதைக் கற்றுக்கொடுத்தேன். கற்றுக்கொண்டான். இரண்டாவது பீரைக் குடிக்க முடிந்தது. ஐந்தாவது பீரை மற்றவர்கள் கேட்டு வாங்கினார்கள்.

அதிலிருந்து வருடம் முழுக்க ஏதாவது காய்ச்சுவான், கடை ஈஸ்ட் போட்டு. இலையுதிர்காலத்தில் ஒரே ஒருமுறை சிஸ்டரை இறக்கி, கறுத்த, கனமான, கிறிஸ்துமஸ் பீர் செய்வான். அதைக் கொடுக்க மொத்தம் இருபத்திரண்டு பேர் பட்டியல். அதில் பாதிக்கு மேல் தபால்பெட்டி இழந்தவர்கள். பெட்டி சாய்ந்த வருடம் ஒரு பாட்டில் கொண்டுபோய்க் கொடுத்து மன்னிப்புக் கேட்டான். அடுத்த வருடமும் எதிர்பார்த்தார்கள். பெட்டியைக் கொஞ்சம் சாலைப்பக்கம் நகர்த்தி வைத்தவர்கள்கூட உண்டு.

அவனுக்கு ஆசை ஒன்றே ஒன்றுதான். ஊரில் ஒரு சின்ன பீர் ஆலை இருக்கிறது. நவம்பரில் வீட்டில் காய்ச்சுகிறவர்களுக்கு அவர்கள் போட்டி வைப்பார்கள். முதல் பரிசு பெற்ற பீரை ஆலையின் பெரிய அண்டாவில் காய்ச்சி, குளிர்காலம் முழுக்கக் குழாயில் ஊற்றுவார்கள். கரும்பலகையில் பெயர் எழுதுவார்கள். தன் பெயர் அந்தப் பலகையில் வர வேண்டும் என்று நார்ப் பதினான்கு வருடம் கிறிஸ்துமஸ் பீரை அனுப்பினான். ஐம்பதுக்கு முப்பத்துமூன்றுக்கு மேல் ஒருமுறையும் வாங்கவில்லை. நடுவர்கள் இரண்டு பேர், ஆளுக்கு ஒரு தாளில் குறை நிறை எழுதி அனுப்புவார்கள். நார்ப் எண்ணை மட்டும் பார்ப்பான், தாளைக் கசக்குவான். நான் அதை நீவி எடுத்து கோப்பில் வைப்பேன். இருபத்தெட்டுத் தாள்களும் என்னிடம் இருக்கின்றன.

சென்ற வருடம் செப்டம்பர் முதல் வாரம் அவனுக்குக் குடலிறக்க அறுவை சிகிச்சை. தனி ஆள் என்பதால் மூன்று நாள் எங்கள் வீட்டில் வைத்துக்கொண்டேன். இரண்டாம் நாள் அவனுக்கு மாற்று உடை எடுக்க அவன் வீட்டுக்குப் போனேன். போன இடத்தில் ஃப்ரிட்ஜைத் திறந்தேன். திறந்தவள் சும்மா வர முடியுமா. அன்று அந்த ஃப்ரிட்ஜிலிருந்து நான் எடுத்து எறிந்தவற்றின் பட்டியலை இங்கே போட்டால் அவனுக்கு இன்னொரு கல்யாணம் நடக்காது, அதனால் விடுகிறேன். ஒவ்வொரு ஜாடியிலும் பெயர் எழுதியிருந்தது. ஊறுகாய் என்றால் ஊறுகாய், கடை ஈஸ்ட் என்றால் கடை ஈஸ்ட், தேதியோடு. நான் பழக்கிய பழக்கம். ஒன்றில் மட்டும் எதுவும் இல்லை. பழுப்பாக, மேலே தெளிந்த தண்ணீரோடு, கெட்டுப்போன குழம்பு மாதிரி.

மூன்றாம் நாள் அவனை வீட்டில் கொண்டுபோய் விட்டோம். வீடு பளபளவென்று இருந்தது. நான் பாராட்டுக்குக் காத்து நின்றேன். அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நேரே ஃப்ரிட்ஜுக்குப் போனான்.

"அக்கா, இங்க ஒரு ஜாடி இருந்துதே."

"எது?"

"கடுகுக்குப் பின்னாடி."

"அதுவா. அது கெட்டுப்போய் எத்தனை மாசமோ. கொட்டிட்டேன். ஜாடிய நல்லா கழுவி மேல வெச்சிருக்கேன் பாரு."

நான் கழுவிய ஜாடியை அவன் பார்த்தான். பிறகு நாற்காலியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தான்.

"அக்கா, அது சிஸ்டர்."

நான் சிங்கைத் திரும்பிப் பார்த்தேன்.

"நான் இப்ப கத்தணும்" என்றான். "கத்தினா தையல் பிரிஞ்சுடும்னு டாக்டர் சொல்லியிருக்கார். அதனால மெதுவா சொல்றேன், நல்லா கேட்டுக்க. நீ ஒரு கொலைகாரி."

"எல்லாத்துலயும் எழுதி ஒட்டியிருக்க. இதுல மட்டும் ஏன்டா ஒட்டல?"

"உன் நெத்தியில 'அக்கா'ன்னு எழுதி ஒட்டியா வெச்சிருக்கேன்?"

என் கணவர் டெல்மர் கதவோரம் நின்றுகொண்டு தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் வாழ்நாள் முழுக்க எரிவாயு லாரி ஓட்டியவர். ஆபத்து என்றால் வாயை மூடிக்கொண்டு விலகி நிற்பது தொழிலில் படிந்த குணம்.

"கடையில இதே மாதிரி பாக்கெட் கிடைக்கும்ல மாப்ளே?" என்றார் கடைசியில்.

"கடையில ஆயிரம் கன்னியாஸ்திரி கிடைப்பாங்க மச்சான். என்னை முட்டிபோட வெச்சவங்க இவங்க ஒருத்தர்தான்."

அன்று அவன் சாப்பிடவில்லை. நான் வைத்த சூப்பு ஆடை படிந்து நின்றது. நாங்கள் கிளம்பும்போது சொன்னான்: "பீர் காய்ச்சுற அண்டாவ வித்துடப் போறேன் அக்கா. அறுபத்தொரு வயசுல முதல்லேர்ந்து இன்னொருத்திகூடப் பழக எனக்குத் தெம்பு இல்ல." லோர்னா போனபோது இவ்வளவு பேசவில்லை. அண்டா போனால் அவன் மறுபடி எங்கே போய் உட்காருவான் என்று எனக்குத் தெரியும். அந்த பார் இன்னும் திறந்துதான் இருக்கிறது.

வழி ஒன்று இருந்தது. அவனுடையது பாட்டிலுக்குள்ளேயே நுரை கட்டும் பீர், அதனால் ஒவ்வொரு பாட்டிலின் அடியிலும் மெல்லிய படலமாகக் கொஞ்சம் ஈஸ்ட் படிந்திருக்கும். திறக்காத ஒரு பாட்டில் யாரிடமாவது இருந்தால் போதும். அவனிடம் ஒன்றுகூட இல்லை, கொடுத்தது போக மிச்சத்தைப் புது வருடத்துக்குள் குடித்துவிடுவான். மறுநாள் காலை எட்டு மணிக்கு நான் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு போனில் உட்கார்ந்தேன்.

எல்லோரும் குடித்துவிட்டிருந்தார்கள். பங்குச்சாமியார் பூசைக்கு முன்பே குடித்துவிட்டதாக ஒப்புக்கொண்டார், அவரிடம் பாவசங்கீர்த்தனம் கேட்ட ஒரே ஆள் நான்தான் என்று நினைக்கிறேன். காலிப் பாட்டிலிலாவது ஒட்டிக்கொண்டிருக்குமா என்றால், நார்ப் காலிப் பாட்டிலை மூன்று முறை கழுவித்தான் திருப்பித் தர வேண்டும் என்று எல்லோருக்கும் பழக்கியிருந்தான். அவனுக்குப் பழக்கியவள் நான். பதினெட்டாவது போனில் எல்ட்ரேட் என்கிற கிழவர் சொன்னார்: "மிச்சம் வெக்கிற பீராம்மா அது? உன் தம்பிய எதுக்கும் என் தபால்பெட்டிப் பக்கம் வரச் சொல்லு." எவ்வளவு பெருமைப்பட வேண்டிய காலை அது. எனக்கோ ஒவ்வொரு பாராட்டும் ஊசி குத்துவதுபோல் இருந்தது.

டெல்மர் அன்று முழுக்க வீட்டுக்குள்ளேயே இருந்தார். போன் பேசும்போதெல்லாம் ஏதாவது எடுக்க வருவதுபோல் வந்து கேட்டுவிட்டுப் போனார். மாலையில் வறுத்த மீனும் உருளைக்கிழங்கும் வைத்தேன். அவர் காது இரண்டும் சிவந்திருந்தன.

"வெர்னா."

"என்ன?"

"கீழ நிலவறையில, பெயிண்ட் டப்பாவுக்குப் பின்னாடி, கொஞ்சம் பாட்டில் இருக்கு."

"என்ன பாட்டில்?"

"நார்ப் பாட்டில்."

"எத்தனை?"

"கொஞ்சம்."

நான் முள்கரண்டியை வைத்துவிட்டு இறங்கினேன். அந்தப் பெயிண்ட் அலமாரி அவருடையது. நாற்பத்தோரு வருடத்தில் இந்த வீட்டில் நான் துடைக்காத இடம் அது ஒன்றுதான். பின்னால் பதினொரு பாட்டில்கள், மூடியில் நார்ப் கையால் எழுதிய வருடத்தோடு, ஒட்டடை சுற்றி நின்றன. மேலே வந்தேன்.

"பதினாறு கிறிஸ்துமஸ் ஆச்சு. மீதி அஞ்சு?"

"முதல் வருஷத்தது குடிச்சேன். பாதி."

"சரி. நாலு?"

"நத்தைக்கு வெச்சேன்."

என் முட்டைக்கோஸ் பாத்தியில் ஓடில்லாத நத்தைகள் நாசம் செய்துகொண்டிருந்தன. நாலு வருடமாக டெல்மர் சின்னச் சின்னக் கிண்ணத்தில் பீர் ஊற்றி வைத்தார், நத்தைகள் அதில் விழுந்து செத்தன. தான் குடிக்கும் டின் பீரைத்தான் ஊற்றுகிறார் என்று நினைத்திருந்தேன். என்ன தியாகம் என்று பக்கத்து வீட்டில்கூடச் சொன்னேன். அந்த நாலு வருடத்தில் இரண்டு முறை என் முட்டைக்கோஸ் மாவட்டக் கண்காட்சியில் முதல் பரிசான நீல ரிப்பன் வாங்கியது.

"டின் பீருக்கு அதுங்க வரல" என்றார் டெல்மர். "இதுக்கு வரிசையில வந்துதுங்க."

கடைசி நாலு வருடத்துப் பாட்டில்கள் போய்விட்டன. அதாவது மிச்சமிருந்ததில் புதியதற்கே ஐந்து வயது. கனமான பீருக்குள் ஐந்து வருடம் அடைபட்டு ஈஸ்ட் உயிரோடு இருக்குமா என்பது சந்தேகம்தான். நம்பிக்கை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனாலும் ஒரு பெட்டியில் அடுக்கினேன். "நீங்களே சொல்லணும்" என்றேன் அவரிடம்.

நார்ப் சமையலறையில் வயிற்றின்மேல் தலையணையை அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். டெல்மர் பெட்டியை மேசையில் வைத்தார். நார்ப் ஒரு பாட்டிலை எடுத்து மூடியைப் பார்த்தான். இன்னொன்றை எடுத்தான். வருடங்களைப் படித்துக்கொண்டே போனான்.

"இது யார்கிட்ட இருந்துது?"

"எங்கிட்ட" என்றார் டெல்மர்.

நார்ப் கையிலிருந்த பாட்டிலை மேசையில் வைத்தான்.

"ஒவ்வொரு வருஷமும் கையப் பிடிச்சுச் சொன்னீங்களே மச்சான். 'போன வருஷத்தைவிட நல்லா இருக்கு'ன்னு."

"ஆமா."

"போன வருஷத்ததும் குடிக்கல, இந்த வருஷத்ததும் குடிக்கல."

"ரெண்டையும் குடிக்கலங்கறதால, முழுப் பொய்னு சொல்ல முடியாது மாப்ளே."

நார்ப்பின் தோள் குலுங்கியது. அழுகிறான் என்று நினைத்து எழுந்தேன். தலையணையை வயிற்றில் அழுத்திக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தான். "வலிக்குது, என்னைச் சிரிக்க வெக்காதீங்க" என்றான். அப்போது பார்த்து டெல்மர் நத்தைக் கதையையும் சொல்லிவிட்டார், நீல ரிப்பன் உட்பட.

"அப்ப என் பீர் ஏற்கெனவே ரெண்டு தடவை முதல் பரிசு வாங்கியிருக்கு" என்றான் நார்ப், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "முட்டைக்கோஸ் பேர்ல."

சிரித்து முடித்ததும் முகம் மாறியது. "ஒரு நிபந்தனை. பதினொண்ணையும் திறக்கணும். அடியில இருக்கிறது எனக்கு. மேல இருக்கிறது முழுக்க உங்களுக்கு. ஒவ்வொண்ணையும் குடிச்சுட்டு நிஜத்தச் சொல்லணும். மறுபடியும் நல்லா இருக்குன்னு சொன்னீங்க, உங்க தபால்பெட்டிய இந்தக் குளிர்காலம் வாரம் ஒரு தடவை சாய்ப்பேன்."

பாட்டில்களை இரண்டு நாள் அசையாமல் நிற்கவைத்தோம், சேறு அடியில் படிய. மூன்றாம் நாள் பகல் பன்னிரண்டு மணிக்கு நான் வேலையைத் தொடங்கினேன். நார்ப்பைக் குனியக்கூட விடவில்லை. பதினொரு சின்ன ஜாடிகள், ஒவ்வொன்றிலும் கொதித்து ஆறிய மால்ட் கஷாயம், இந்த முறை ஒவ்வொன்றிலும் சீட்டு: வருடம், திறந்த நேரம், நெடி. பாட்டிலின் வாயை நெருப்பில் காட்டினேன். பீரைக் கோப்பையில் சாய்த்தேன், கடைசி இரண்டு விரல் அளவைச் சுழற்றி ஜாடியில் ஊற்றினேன். ஆலையில் அதிகாரி வந்து நின்ற நாளில்கூட நான் இத்தனை சுத்தமாக வேலை செய்ததில்லை.

டெல்மர் கோப்பையை மோந்து பார்த்தார், குடித்தார், சுவரைப் பார்த்தார்.

"சொல்லுங்க" என்றான் நார்ப்.

"பல் டாக்டர் வாசனை."

"என்னது?"

"பல் பிடுங்கறதுக்கு முன்னாடி ஒண்ணு தடவுவாங்களே, அது. கிராம்பு."

"கிராம்பு போட்டிருக்கேன், பன்னெண்டு. அதான் கிறிஸ்துமஸ் பீர்."

இரண்டாவது கோப்பை. மூன்றாவது. "இதுலயும் பல் டாக்டர்." நான்காவதில் "ஈர நிலவறை, ஆனா அது எங்க வீட்டுது, உன் தப்பில்ல" என்றார். ஐந்தாவதில் அவர் கொஞ்சம் தாராளமாகிவிட்டார். "மாப்ளே, இந்தக் கிராம்புக்கு அடியில நல்ல பீர் ஒண்ணு கிடக்கு. அதை ஏன்டா இப்படிப் போர்வை போட்டு மூடி வெச்சிருக்க?"

"உங்களுக்கு நாக்கு செத்துப்போச்சு. டின் பீர் குடிக்கிற நாக்கு."

நான் கையைத் துடைத்தேன். நடுவர்களின் தாள்கள் இருந்த கோப்பு காருக்குள் இருந்தது, போய் எடுத்துவந்தேன். வீட்டிலிருந்து ஏன் கொண்டுவந்தேன் என்று கேட்டால் தெரியாது, கொண்டுவந்திருந்தேன். இருபத்தெட்டுத் தாளையும் மேசைமேல் வைத்தேன்.

"இதுல பத்தொன்பது தாள்ல அதையேதான் எழுதியிருக்காங்க நார்ப். இந்த ஈஸ்டே கிராம்பு வாசனை தர்ற ஜாதியாம். நீ அதுக்கு மேல பன்னெண்டு போடுற. சிஸ்டர் தனக்கு வேணுங்கறத அவங்களே கொண்டுவர்றாங்க."

அவன் முதல் தாளைப் படித்தான். இரண்டாவதைப் படித்தான். மீதியைப் படிக்கவில்லை.

"உனக்கு எத்தனை நாளாத் தெரியும்?"

"முதல் தாள்லேர்ந்து."

"பதினாலு வருஷம்."

"ஆமா."

"குளிருக்கு ஏத்த பீருன்னு வருஷா வருஷம் சொன்னியே. இவரு குடிக்காம பொய் சொன்னாரு. நீ குடிச்சுட்டு சொல்லியிருக்க."

"லோர்னா போனப்புறம் நீ முதல் தடவையா சிரிச்சது அந்தக் கிராம்ப எண்ணிப் போட்டப்பதான்" என்றேன். "எண்ணிக்கிட்டே போட்ட. பன்னெண்டு கிராம்புக்காக அதைக் கெடுப்பானேன்னு விட்டுட்டேன்."

டெல்மர் ஆறாவது கோப்பையைத் தானாகவே எடுத்துக்கொண்டார்.

"சரி, அடுத்ததத் திற" என்றான் நார்ப், என்னைப் பார்க்காமல்.

அதன் பிறகு காத்திருப்புதான். ஜாடிகளை அவன் சமையலறை அலமாரியில், இளஞ்சூட்டில் வைத்தோம். காலையும் மாலையும் நான் போய்ப் பார்த்து எழுதினேன். இரண்டாம் நாள் ஒன்றுமில்லை. மூன்றாம் நாள் மூன்று ஜாடி புளித்த காடி வாசம் அடித்தது, எடுத்துக் கொட்டினேன், கொட்டுவதற்கு முன் இரண்டு முறை அவனிடம் கேட்டேன். நான்காம் நாள் ஒன்றில் பூஞ்சை. நாங்கள் பெரிதாக நம்பியிருந்த ஐந்து வருடத்து ஜாடி வெறும் கலங்கலாகவே கிடந்தது. ஐந்தாம் நாள் நார்ப் அண்டாவைத் துணி போட்டு மூடியிருந்தான். விற்பனைக்கு என்று எழுதிய அட்டை ஒன்று மேசையில் குப்புறக் கிடந்தது. நான் பார்க்காததுபோல் நடந்துகொண்டேன்.

ஆறாம் நாள் காலை ஏழு வருடத்து ஜாடியின் ஓரத்தில் நூல் அளவுக்கு ஒரு வெள்ளை வளையம். நான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தேன். ஒரு குமிழி மேலே வந்து உடைந்தது. பொறுத்திருந்து பார்த்தேன். இன்னொன்று.

"நார்ப்."

அவன் வந்து ஜாடியை மூக்கின் கீழே பிடித்தான். கண்ணை மூடிக்கொண்டான். ஏழு வருடம் என் வீட்டு நிலவறையில், என் கணவரின் பெயிண்ட் டப்பாவுக்குப் பின்னால், மதிக்கப்படாமல் நின்ற பாட்டிலிலிருந்து வந்த வாசம் அது.

"அவங்கதான்" என்றான். "கோவமா இருக்காங்க."

சிஸ்டரைச் சின்ன ஜாடியிலிருந்து பெரிய ஜாடிக்கு, பெரிய ஜாடியிலிருந்து குடுவைக்கு ஏற்ற இன்னும் எட்டு நாள் ஆனது. செப்டம்பர் கடைசி சனிக்கிழமை காய்ச்சினோம். டாக்டர் அவனை எதையும் தூக்கக் கூடாது என்றிருந்தார், ஆகவே கராஜ் நடுவில் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து துடைப்பக்கட்டையால் சுட்டிக்காட்டினான். டெல்மர் பார்லி மூட்டை தூக்கினார், அண்டாவைக் கிளறினார். நான் சூட்டுமானியும் நோட்டுமாக நின்றேன். பீருக்குக் கசப்பு தரும் பூவை இரண்டு முறை போட்டோம். தீயை அணைக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது நார்ப்பின் கை சட்டைப் பைக்குப் போனது. பையில் ஒரு காகிதப் பொட்டலம். நானும் டெல்மரும் அண்டாவைப் பார்ப்பதுபோல் நின்றோம்.

பொட்டலத்தை டெல்மரிடம் நீட்டினான். "இந்தாங்க மச்சான். பல் வலிச்சா வெச்சுக்கங்க."

சிஸ்டர் மூன்றாம் நாள் எழுந்தார். ஞாயிறு வரை அடங்கவில்லை. குடுவையின் மூடியைத் தள்ளிவிட்டு நுரை கராஜ் சுவர்வரை போனது, நான்தான் துடைத்தேன், ஒரு வார்த்தை சொல்லவில்லை.

நவம்பரில் போட்டி முடிவு வந்தது. நாற்பத்தொன்று. இரண்டாம் பரிசு. முதல் பரிசு ஸ்டர்ஜன் பே ஊர்க்காரர் ஒருவருக்கு. தொழில் என்னவென்று விசாரித்தோம். பல் டாக்டர். நார்ப்புக்குத் தையல் ஆறியிருந்தது நல்லதாயிற்று, ஆலை வாசலில் பிடித்துக்கொள்ளத் தலையணை இல்லாமல் சிரித்தான். பலகையில் அவன் பெயர் வரவில்லை. ஆனால் இந்த முறை தாளைக் கசக்கவில்லை. வண்டிக்குள் உட்கார்ந்து இரண்டு தாளையும் முழுசாகப் படித்தான், ஒரு வரியை எனக்கு உரக்கவும் படித்துக் காட்டினான்: வாசனை எங்கிருந்து வருகிறதென்று தெரியவில்லை, ஆனால் போக மனமில்லை என்று நடுவர் எழுதியிருந்தார். "சிஸ்டரைப் பத்தி யாரும் இப்படி எழுதினதில்ல" என்றான். அண்டா கராஜிலேயே இருக்கிறது. அடுத்த போட்டிக்கு இப்போதே விண்ணப்பம் நிரப்பியாயிற்று, நிரப்பியவள் நான்.

சிஸ்டர் இன்று மூன்று வீட்டு ஃப்ரிட்ஜில் இருக்கிறார்: அவன் வீட்டில், என் வீட்டில், பங்குச்சாமியார் வீட்டில். மூன்றிலும் என் கையெழுத்தில் சீட்டு ஒட்டியிருக்கிறது. சாமியார் வீட்டுச் சீட்டில் பெயர் மட்டும் போடவில்லை, அவரைச் சங்கடப்படுத்த வேண்டாமென்று.

அந்தக் கிறிஸ்துமஸ் அன்று மதியம் நார்ப் வந்தான். வழக்கம்போல் டெல்மர் கையில் பாட்டிலைக் கொடுத்தான். பிறகு பையிலிருந்து திறப்பானை எடுத்து மேசையில் வைத்தான். மேல்கோட்டைக் கழற்றி மாட்டினான். நாற்காலியை இழுத்துப் போட்டு, டெல்மருக்கு நேர் எதிரே உட்கார்ந்துகொண்டான்.

டெல்மர் திறந்தார், ஊற்றினார், கோப்பை முழுவதையும் குடித்தார். வாயைத் துடைத்தார்.

"நுரை கொஞ்சம் அதிகம்" என்றார்.

"எழுதிக்க அக்கா" என்றான் நார்ப்.